வெயில் வராத வீடு

ஓசூரில் வாடகை வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் "பிள்ளைங்க எத்தனை?" என்ற கேள்வி உங்களுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கும். நமக்கெல்லாம் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. நம் பிள்ளைகளே நம் இங்கிலீஷைத் திருத்துகிறார்கள். ஆனாலும் யாராவது சும்மா விசாரிப்புக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால்கூட எனக்குக் கைகள் தானாகக் கட்டிக்கொள்கின்றன.

அம்மா பழக்கிய பழக்கம் அது. வீடு பார்க்கப் போகும்போது நானும் தங்கச்சியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேசக்கூடாது. தண்ணீர் கேட்கக்கூடாது. முக்கியமாக, மாடிப்படி இருக்கிற பக்கம் திரும்பியே பார்க்கக்கூடாது. படியைப் பார்த்த பிள்ளை நாளைக்கு ஏறும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமாம்.

அப்படி நின்று நின்று நான் கேட்டு வைத்திருக்கிற பேச்சுகள் ஒரு மூட்டை இருக்கும். "ரெண்டு பொண்ணுங்கன்னா நாலு கை. புதுசா பெயிண்ட் அடிச்ச செவுரு என்னாவறது?" என்றார் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். இன்னொரு அம்மாள் என் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "கொழந்தைங்கன்னா எனக்கு உசுரும்மா. அதான் கொஞ்சம் தூரமா இருந்தா இன்னும் நல்லாப் பிரியமா இருப்பேன்" என்றாள். தெருவுக்கு வந்ததும் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு மட்டும்தான் சிரித்தாள்.

எனக்குப் பத்து வயது முடிவதற்குள் ஏழு வீடு மாறியிருந்தோம். ஏழாவது வீடு ராயக்கோட்டை ரோட்டில், ஒரே வரிசையாகக் கட்டிய ஐந்து ஷீட்டு வீடுகளில் மேற்கு ஓரத்தில் இருந்தது. ஓசூர் குளிர்ந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் காங்கிரீட் வீட்டுக்காரர்கள். மாசி பிறந்தால் எங்கள் மேற்குச் சுவரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முதுகைச் சாய்க்க முடியாது. தங்கச்சி நெற்றி முழுக்க வேனல்கட்டி. அம்மா நாமக்கட்டியை உரைத்துத் தடவுவாள், அது காய்ந்து உதிர்ந்தால் மறுபடி தடவுவாள். ஏணி வைத்து ஏறி, ஷீட்டின் மேல் ஈரச் சாக்குகளைப் போடுவாள். கால் மணி நேரத்தில் சாக்கு மொடமொடவென்று காய்ந்துவிடும். காவேரிப்பட்டினத்துக்காரியான அம்மாவுக்கு வெயில் புதிதில்லை. "எங்கூர்ல இதவிட வெயிலு. ஆனா அங்க மாமரம் இருந்துது, இங்க அடுத்த வூட்டு ஷீட்டுதான் இருக்குது" என்பாள்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை செய்தார். அச்சு செய்கிற வேலை. தலைமுடி தடிமனில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் அச்சைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்வார். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் அந்தச் சூட்டில் தூங்குவார். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார் என்று சொல்வதுதான் சரி.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் முன்பே நியூசிலாந்து போயிருந்தார். அவர் மூலமாக அப்பாவுக்கும் அங்கே வேலை வந்தது. செய்தியை அப்பா சொன்ன சாயங்காலம் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நியூசிலாந்துன்னா எங்கங்க இருக்குது?"

"கீழ. ரொம்பக் கீழ. மேப்புல அதுக்கப்புறம் ஒண்ணுமே கெடையாது."

"கிரிக்கெட்டுல வருமே, அதுவா?"

"அதேதான். பொண்ணுங்கள நல்லாப் படிக்க வெக்கலாம். குடும்பத்தோட இருந்துக்கலாம்னு பேப்பர் குடுக்கறாங்க."

அம்மா இன்னொரு மொச்சையை உரித்துப் போட்டாள். "அங்கயும் வாடகை வூடுதானே?"

"மொதல்ல அப்பிடித்தான் இருக்கணும்."

"அப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க. இன்னொரு வூட்டுக்காரங்க முன்னால இந்தப் புள்ளைங்களக் கையக் கட்டி நிக்க வெக்க என்னால ஆவாது. அதுவும் பாஷ தெரியாத ஊர்ல. சொந்தமா ஒரு வூடு பாருங்க, அப்பறமா டிக்கெட்டு போடுங்க."

"சொந்த வீடா? போன உடனேவா?"

"ஒரே ரூம்பா இருந்தாலும் பரவால்ல. ஆனா வெயிலு வரக்கூடாது. ஒரு பொட்டு வெயிலு உள்ள வரக்கூடாது."

அப்பா சரி என்றார். யாருக்கும் அவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா போவதற்காக வைத்த கண்டிஷன் அது என்று அப்போது நினைத்தேன். இப்போது நானும் ஒரு குடும்பத்தை நடத்துகிறேன். போகாமல் இருப்பதற்காகத்தான் அப்படிக் கேட்டாளோ என்று தோன்றுகிறது. ஆகாத காரியத்தைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்திருப்பாள். கட்டிக்கொண்ட ஆள் அளவு சொன்னால் அளவுக்குச் செய்து கொடுக்கிறவர் என்பதை மறந்துவிட்டாள்.

தீபாவளி கழிந்து அப்பா விமானம் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார். வீட்டுக்காரம்மாவுக்குத் தெலுங்கு. வரிசைக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டில் தனியாக இருந்தாள். எங்களுக்கு வீடு கொடுக்கும்போது, "ரெண்டு பிள்ளைங்களா? ஒத்தும்மா ஒத்து, வேணாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாவது தடவை சாவியைக் கொடுத்தவள். அம்மா போன் பேசும்போது அவள் எழுந்து போக மாட்டாள். எதிரிலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அம்மா போனை வைத்ததும், "ஏமி சொல்றார்?" என்று, எதுவுமே கேட்காதவள் மாதிரி விசாரிப்பாள்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. அப்பாவின் குரல் போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது.

"வீடு கெடைச்சிருச்சு! பேங்குல லோனுக்கும் சரின்னுட்டாங்க."

"நெசமாவா?"

"கேளு. எங்க கேட்டாலும் பத்து பேரு போட்டி. இந்த வீட்டுக்கு மட்டும் ஆளே வரல. ஏன்னு கேக்கறியா? மலை அடிவாரத்துல இருக்குது. விக்கற ஏஜெண்டே சொல்றான், முன்னாடியே சொல்லிடறேன் சார், இந்த வீட்டுக்கு வெயில் கம்மின்னு. நான் சும்மா இருந்தேன். அவனே மறுபடி சொல்றான், குளிர்காலத்துல ரெண்டு மாசம் சுத்தமா வெயிலே விழாது சார்னு. நான் அவன் கையப் புடிச்சுக் குலுக்கிட்டேன்!"

அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். "ரெண்டு மாசம் வெயிலே விழாதாம்மா."

வீட்டுக்காரம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு மாசமா? அதிர்ஷ்டக்காரி நீ. அந்தூர் ஆளுங்களுக்குப் புத்தி இல்ல, இந்த வீட்டப் போயி விட்டுட்டாங்களே!"

அப்போது அங்கே கோடை முடிகிற நேரம். அந்த ஊர்க் குளிர்காலத்தை அப்பா இன்னும் ஒரு நாள்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்த்தவன் ஒருவன் இரண்டு தடவை எச்சரித்தும், நம் ஆள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கை குலுக்கியிருக்கிறார். எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குமே அதில் தப்பு தெரியவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் பங்குனி வெயிலில் நின்றுகொண்டு யோசித்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது.

பதினைந்து நாளில் தபால் வந்தது. போட்டோ இல்லை. அப்பா வீட்டை வரைந்து அனுப்பியிருந்தார், தொழிற்சாலையில் அச்சுக்கு வரைகிற மாதிரியே. மேலிருந்து பார்த்தால் ஒரு படம், முன்னாலிருந்து பார்த்தால் ஒரு படம், ஒவ்வொரு கோட்டுக்கும் மில்லிமீட்டரில் அளவு. சமையல் அறை ஜன்னலுக்கு எதிரே ஒரு அம்புக்குறி போட்டு "மலை" என்று மட்டும் தமிழில் எழுதியிருந்தார். அம்மா காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதப் பாத்தா எனக்கு மோட்டாரு மாதிரி இருக்குது. வூடு எங்க இருக்குது இதுல?"

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலைதான். "அவுக அளவு எழுதிருக்காகல்லா மைனி? தரையில போட்டுப் பாத்துருவோம். கோலமாவு இருக்கா?"

வரிசையை ஒட்டி விற்காத மனை ஒன்று சும்மா கிடந்தது, நாலு மூலையிலும் கல் நட்டு. அப்பாவின் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். அக்காவின் வீட்டுக்காரர் அளவைப் படித்துச் சொல்ல, நான் ஒரு முனையைப் பிடிக்க, அம்மாவும் அக்காவும் கோலமாவைத் தூவிக்கொண்டே போனார்கள். ஒரு மணி நேரத்தில் நியூசிலாந்து வீடு முழு அளவில் ராயக்கோட்டை ரோட்டில் வந்துவிட்டது. வாசல், கூடம், மூன்று அறை, குளியலறை.

"எம்மாடி, நம்ம அஞ்சு வீட்டயும் தூக்கி உள்ள வச்சாலும் எடம் மிச்சங் கெடக்கும் போலுக்கே" என்றாள் அக்கா.

தங்கச்சி குறுக்கே ஓடினாள். "ஏ பிள்ள, செவத்துல நடக்காத! வாசல் வழியா வா!" என்று அக்கா அதட்டினாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தரும் கோட்டை மிதிக்கவில்லை. வாசல் விட்டிருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். வீட்டுக்காரம்மா, "என்ன கலாட்டா இது?" என்று குடையோடு வந்தாள். மனையில் கோலத்தைப் பார்த்தாள். குடையை மடக்கினாள். அவளும் சுற்றிக்கொண்டு வந்து வாசல் வழியாகத்தான் நுழைந்தாள்.

"எங்கம்மா உக்காரச் சொல்ற?" என்று கேட்டாள்.

அம்மா பதறிப்போய்க் கூடத்தைக் காட்டினாள். அம்மா கைகாட்டி ஒரு வீட்டுக்காரம்மாவை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள், சுவர்களைப் பார்க்கிற மாதிரி. "நல்ல வீடு. காத்து வரும்" என்றாள்.

அம்மா சமையல் அறையில் போய் நின்றாள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "இங்கதான் மலை. நெழலு முழுக்க இங்கதான் விழும்" என்றாள். உச்சி வெயில். காலில் செருப்பில்லை. சுடுமண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, இல்லாத நிழலை எங்களுக்குக் காட்டினாள். போகலாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பிறகு போகாமல் இருக்கக் காரணம் எதையும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஆடுகள் கூடத்தைக் கலைத்தன. அக்கா மறுபடி போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தங்கச்சியும் எங்கள் அறையில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்போம். கிளம்புகிற வரைக்கும் அந்த வீடு கலைவதும் போடுவதுமாக இருந்தது. அப்பா வரைந்த காகிதத்தை அக்கா கேட்டு வாங்கி, அரிசி டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டாள். இப்போது அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. காகிதம் எங்கே போனதோ.

பள்ளி லீவு விட்டதும் கிளம்பினோம். விமானம், குளிர், காது அடைத்தது எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான், விடுங்கள். வீட்டுக்கு வாருங்கள்.

மரவீடு. நடந்தால் டொக் டொக்கென்று வீடே பதில் சொன்னது. அப்பா ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானம் பன்னிரண்டு மணி. "பாரு. நல்லாப் பாரு. ஒரு பொட்டு வெயில் இருக்குதா?"

அம்மா ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்தாள். "இல்லீங்க. எங்கயும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், எங்களை நடுவில் விட்டுவிட்டு ஒரு சுற்று ஓடினாள். சத்தம் போட்டு ஓடுகிற அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. அதட்டிக் கேட்க வீட்டுக்காரர் யாரும் இல்லை அல்லவா.

அது மே மாதம். ஜூனில்தான் தெரிந்தது. அந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். குளிர்காலத்தில் இன்னும் தாழ்ந்து, மரம் உயரத்துக்கு மேலே ஏறாமலே போய்விடும். எங்கள் வீட்டுக்கு வடக்கேதான் அந்த மலை. அதனால் காலையிலும் நிழல், மத்தியானமும் நிழல். தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்தது, உருகவே இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் விடியும்போது உள்பக்கமாக அழுதுகொண்டிருக்கும். எங்கள் அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. துவைத்த யூனிபாரம் மூன்று நாள் கொடியில் கிடந்து, காய்வதற்குப் பதிலாக ஈர நாற்றம் பிடித்தது. தங்கச்சி இருமத் தொடங்கினாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. இருட்டில் பஸ் ஏறிப் போய் இருட்டியபிறகு வருகிறவர் அவர். சனி, ஞாயிறும் ஓவர் டைம். அவர் வருகிற பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னால் அம்மா ஹீட்டரைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியையெல்லாம் துடைத்து வைப்பாள். அப்பா உள்ளே வந்து, "வீடுன்னா இது வீடு" என்று ஷூவைக் கழற்றுவார். அம்மா எங்களை ஒரு பார்வை பார்ப்பாள். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். அந்தப் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு நாள் போனில் கேட்டாள், வீடு எப்படி என்று. அம்மா சொன்னாள்: "சொன்ன மாதிரியேதாம்மா. வெயிலே இல்ல."

ஜூலையில் எங்களுக்குப் பதினைந்து நாள் லீவு. முதல் நாளே அம்மா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டாள். தெருக்கோடியில், விளையாட்டு மைதானத்தைத் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப். மலையின் நிழல் அதுவரைக்கும் எட்டவில்லை. அங்கே பெஞ்சு முழுக்க வெயில், மஞ்சளாக, மெல்லிசாக. அம்மா எவ்வளவு நாளாகத் தனியாக அங்கே வந்துகொண்டிருந்தாளோ, எங்களுக்குத் தெரியாது. யூனிபாரத்தைப் பெஞ்சின் முதுகில் விரித்தாள். எங்கள் ஈரத் தலையைப் பிரித்துவிட்டாள். டப்பாவில் எலுமிச்சம்பழ சாதம்.

பஸ் வரும். டிரைவர் ஒரு வயதானவர். எங்களைப் பார்த்ததும் நிறுத்திக் கதவைத் திறப்பார். அம்மா எழுந்து நின்று, "நோ நோ, சாரி" என்று கை ஆட்டுவாள். மறுநாளும் நிறுத்துவார். நாலாம் நாள் அவர் கதவைத் திறந்து, வானத்தைக் காட்டி, "நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று சொன்னார். நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் நிறுத்துவதில்லை, ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். ஒரே பெஞ்சில் பத்து நாள் உட்கார்ந்ததில் தங்கச்சியின் இருமல் குறைந்தது.

ஒரு நாள் பஸ் நின்றது. டிரைவர் இன்றைக்கு ஏன் நிறுத்துகிறார் என்று பார்த்தால், அப்பா இறங்கினார். தொழிற்சாலையில் கரண்டு போய்விட்டதாம், எல்லோரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்களாம்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் சந்தோஷமாக.

அம்மா வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொல்லிவிட்டாள். "எங்கயும் போவலப்பா. வெயிலுக்கு வந்தோம். தெனமும் வருவோம்."

அப்பா பெஞ்சைப் பார்த்தார். விரித்திருந்த யூனிபாரத்தைத் தொட்டுப் பார்த்தார். "வீட்ல காயலையா?"

"காயும். கொஞ்சம் லேட்டாவும்."

"எத்தன நாளா?"

அம்மா டப்பாவை மூடினாள். அப்பா மைதானத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி வீட்டைப் பார்த்தார். அவர் பகலில் அதைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெருவில் மற்ற வீடுகளின் கூரையெல்லாம் பளபளத்தன. எங்கள் வீடு மட்டும் மலையின் மடியில் இருட்டாக இருந்தது, கூரையில் காலைப் பனி இன்னும் வெள்ளையாக.

"அந்த ஏஜெண்டு சொன்னான்," என்றார் அப்பா மெதுவாக. "ரெண்டு தடவ சொன்னான். நான்தான்…" முடிக்கவில்லை. அச்சில் அளவு தப்பினால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட மோசமாக ஆகியிருந்தது.

"நான் கேட்டததானே நீங்க வாங்கனீங்க," என்றாள் அம்மா. "ஒரு பொட்டு வரக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன். நீங்க அளவு தப்பல."

"வித்துடலாம். வேற பாக்கலாம். அதுவரைக்கும் வாடகைக்கு…"

அந்தச் சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார். நானும் தங்கச்சியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். எட்டு வீடு பார்த்தவள் அவள். ஒன்பதாவதற்கு எங்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதா, இந்த இருட்டிலேயே இருப்பதா என்பது அவள் வாயிலிருந்து வரப்போகிற அடுத்த வார்த்தையில் இருந்தது. அப்பா மறுக்கப் போவதில்லை.

அம்மா யூனிபாரத்தைத் தள்ளி மடித்து, பெஞ்சில் இடம் பண்ணினாள்.

"மொதல்ல உக்காருங்க. இங்க வந்து உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார்.

"இங்கருந்து பாத்தாத்தான் நம்ம வூடு முழுசாத் தெரியுது. உள்ளயே இருந்தா எங்க தெரியுது? நான் தெனமும் இதப் பாக்கத்தான் வரேன்."

பொய் என்று எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவர் பார்த்தார். நாலு பேரும் பார்த்தோம். அந்த வீட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம். அடுத்த வருஷம் அப்பா குளிர் தாங்கச் சுவருக்கு உள்ளே பஞ்சு அடைத்தார், கட்டை எரிக்கிற அடுப்பு ஒன்று வைத்தார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அம்மா டப்பாவைத் திறந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பா கேட்டார். "இங்க வெயில் எதுவரைக்கும் இருக்கும்?"

"ரெண்டு மணிக்கு அந்தக் கம்பத்துக்கிட்ட போயிரும். ரெண்டேகாலுக்கு மைதானத்துச் செவுரு மேல. அதுக்கப்பறம் உக்கார எடமில்ல," என்றாள் அம்மா, படித்து ஒப்பிக்கிற மாதிரி.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். வாட்சைப் பார்த்தார்.

"இன்னும் இருவது நிமிஷம் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.